அது என்ன மீன்

பெரிய தாளில் கலர் பிரின்ட்.
ரோமாபுரிக் கோயிலொன்றின் கூரை.
பரணில் ஏறி நான் அதைக் கிளிப் போட்டு மாட்டியதும்
நாவலடிச் சனம் முதலில் கேட்டது
தீர்க்கதரிசியைப் பற்றி அல்ல.

"அது என்ன மீன் மிஸ்?"

யோனாவின் தொடையருகே வாய் பிளந்து கிடக்கிறது.
ஆளையே விழுங்கியதாய் வேதம் சொல்லும் மீன்,
ஆளின் காலளவுதான்.
கொடுவா என்றார் இன்னாசித்தம்பி.
கலவாய்க்குத்தான் இப்பிடிச் சொண்டு என்றார் இன்னொருவர்.
"இது ஆளை விழுங்கின மீனில்ல கா,
ஆள் வாங்கிக்கொண்டு போற மீன்."
பரண் கட்டித் தந்த பறங்கித் தச்சர் பல்தசார்
வாயில் ஆணியோடு சிரித்தார்.

விளக்கப் பார்த்தேன்.
மீன் இங்கே மீனல்ல, அடையாளம்.
மயில் முருகனைத் தாங்குமா என்று யார் நிறுத்துப் பார்க்கிறோம்?
தலைக்குப் பின்னால் ஆமணக்கு இலை:
ஒரு ராத்திரியில் முளைத்து, நிழல் தந்து,
ஒரு புழுவுக்குப் பட்டுப்போன செடி.
நகரம் அழியும் என்று சொல்லிவிட்டு
அதன் கிழக்கே குந்தியிருந்தவன்
நகரம் அழியாததற்குக் கோபித்தான்.
செடி பட்டதற்கு மனம் நொந்தான்.

அந்தக் கூரையில் மற்றத் தீர்க்கதரிசிகளிடம்
புத்தகமோ சுருளோ இருக்கிறது.
இவனிடம் ஒன்றுமில்லை.
சொன்னது பலிக்காதவன் எதை வாசிப்பான்?

(எங்கள் ஊரில் சொன்னவர்கள் எல்லோருக்கும் பலித்தது.
அதை நான் அவர்களிடம் சொல்லவில்லை.)

சிக்கல் வேறு.
அங்கே சுவர் மேலே போகப் போக முன்னால் வளைகிறது.
பின்னால் சரியும் மார்பு
பார்ப்பவருக்குக் கிட்ட வரும் சாந்தில் இருக்கிறது,
முன்னால் நீளும் கால் தூரத்துச் சாந்தில்.
கல் முன்னே சாய, உடல் பின்னே சாய்கிறது.
எனக்குக் கிடைத்தது தட்டைச் சுவர்,
பன்னிரண்டடி, உப்புப் பூத்தது.
மூன்று தரம் கரியால் கீறினேன்.
மூன்று தரமும் சலூன் கதிரையில்
சவரத்துக்குச் சாய்ந்த ஆள்.

வெறுங்கூடையோடு வாசலில் நின்ற யூலியானா அக்கா
"ஏன் இந்தாள் இப்பிடிச் சாயுது?" என்றாள்.
பிறகு தானே சொன்னாள்:
"கரைவலை இழுக்கக்குள்ள கம்பா அறுந்தா
ஆக்கள் இப்பிடித்தான்.
கால் முன்னுக்கு, நெஞ்சு பின்னுக்கு.
இன்னும் விழவுமில்ல. முகம் மேல போயிரும்.
கயிறு இல்லையெண்டு
கைக்குத்தான் கடைசியாத் தெரியும்."

கைகளைப் பார்த்தேன்.
மார்புக்குக் குறுக்கே முறுகி
விரல்கள் ஆளுக்கொரு திசை காட்ட
எது வலது எது இடது என்று
ஒரு நிமிடம் பிடிபடவில்லை.
வலக்கை இடக்கை தெரியாத
இலட்சத்துச் சொச்சம் பேருக்காகத்தான்
அந்த நகரம் தப்பியது.
ஓவியன் அதை விரலில் வைத்தானோ
நான்தான் வைக்கிறேனோ.

நாலாந்தரம் கீறினேன். ஆள் சாய்ந்தான்.

ஈரச் சாந்தில் எழுதும் படம்.
இன்றைக்குப் பூசிய துண்டு இன்றைக்கே முடிய வேண்டும்.
கைகளுக்கு மட்டும் ஒரு நாள் போயிற்று.
உற்றுப் பார்த்தால் நாளுக்கும் நாளுக்கும் இடையே
மயிர்க்கோடாய் ஒரு பொருத்து.

சுவரில் என் தோளுக்கு மேலே இன்னொரு கோடு இருக்கிறது.
எத்தனை வெள்ளையடித்தும் திரும்பி வரும் கோடு,
கடல் விட்டுப்போனது.
"கால அதுக்கு மேலால முடிச்சா நல்லம்"
என்றார் கோயில் குழுச் செயலாளர் கிறகோரி.
ஏனென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.
இடது பாதத்தைக் கோட்டுக்கு மேலே நிறுத்தினேன்.
வலதை நாளைக்கு விட்டிருக்கிறேன்.
சாந்து இன்னும் பூசவில்லை.

மீனுக்குச் செதில் வைத்தாயிற்று.
கொடுவாவுமில்லை, கலவாயுமில்லை.
இன்னாசித்தம்பி தினமும் விடிய வந்து
தலையைச் சரித்து ஒருக்கால் பார்த்துவிட்டுப் போகிறார்,
விலை சொல்லாமல்.